புயலுக்குப் பிறகு மரம் அளந்தவள்

ஊசிக்கல் தோட்டத்தில் ஷிரோமியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'காபன் அக்கா' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அது கேலியாகத் தொடங்கிய பெயர். ஒருநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், கொழுந்துக்கூடையோடு நின்ற பெண்களில் ஒருத்தி, "நீங்க மட்டும் எங்க போறீங்க, காத்தப் புடிக்கவா?" என்று கேட்டாள். ஷிரோமி சிரித்துக்கொண்டே, "காத்துல இருக்கிற காபன மரம் புடிச்சு வச்சிருக்காம். எவ்வளவு வச்சிருக்குன்னு பாக்கப் போறேன்" என்றாள். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

நமுனுகுல மலையின் தெற்குப் பக்கம், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். ஷிரோமி அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்து, அங்கேயே பாக்கியநாதனைக் கட்டிக்கொண்டவள். முப்பது வயது தாண்டிய பிறகுதான் இந்த வேலை வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் தாங்கள் விடும் புகைக்கு ஈடாக ஏதோ ஒரு நாட்டில் மரம் வளர்க்கின்றன என்றும், அதற்கு இந்த மலையையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டு ஒரு நடுகைத் திட்டத்துக்காரர்கள் வந்தார்கள். காட்டுப் பாதை தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார்கள். அட்டைக்கடிக்கும் பன்றிக்கும் பயந்து யாரும் போகவில்லை. ஷிரோமி போனாள்.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு வருடமும் தை மாதத்தில், இலக்கத் தகடு அடித்த மரங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய், நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றி, சுற்றளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எழுதிக்கொள்பவள் ஸிஹாமா. பதுளை நகரத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் பலீல் நானாவின் மகள். முதல் வருடம் வந்தபோது பல்கலைக்கழக மாணவி. இப்போது அங்கேயே காடுகளைப் பற்றிப் படிப்பிக்கிறாள். மரம் பருக்கப் பருக்க அதற்குள் அடையும் காபனும் கூடுகிறது, சுற்றளவை வைத்து அதைக் கணக்கிடலாம் என்று ஷிரோமிக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஷிரோமிக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. பிள்ளைகளை மாதாமாதம் கிளினிக்கில் நிறுத்துப் பார்ப்பதில்லையா, அதுபோல.

அளக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, மலை உச்சியை ஒட்டிய பழைய காடு. காட்டு நாவலும் கீனையும் இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அளவுக்கு நின்றன. மற்றது அதற்குக் கீழே, தோட்டம் கைவிட்ட தேயிலைச் சரிவு. மானாப்புல் மண்டிக்கிடந்த அந்தச் சரிவில்தான் திட்டத்துக்காரர்கள் கன்று நட விரும்பினார்கள். ஆனால் அது சும்மா கிடந்த நிலமில்லை. சரிவின் அடியில், வரிசை வீடுகளில் குடியிருந்த கீழ் லயத்துக்காரர்கள் அங்கேதான் மாடு கட்டினார்கள், புல்லறுத்தார்கள், கொஞ்சம் கிழங்கு போட்டார்கள்.

கீழ் லயத்துக்குப் போய்ப் பேசும்படி ஷிரோமியைத்தான் கேட்டார்கள். அவளும் வீடு வீடாக, ஒவ்வொரு காம்பராவாகப் போய்ப் பேசினாள். மரம் வந்தால் மண் நிற்கும், ஊற்று வற்றாது, புல்லுக்கு வேறு இடம் தருகிறோம் என்கிறார்கள் என்று தனக்குச் சொன்னதை அப்படியே சொன்னாள். முதலில் சரி என்றவர் ஜீவராஜ். இருதயம்மாவின் புருசன். "நல்லது தானே, நடட்டும்" என்று தன் மாட்டை அவிழ்த்து லயத்தின் பின்பக்கம் கட்டினார். கன்றுகளுக்குக் குழி வெட்டவும் அவரே மண்வெட்டியோடு வந்தார். இருதயம்மாவும் ஷிரோமியும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவர்கள். ஒருத்தி கறியை மற்றவள் ருசி பார்க்காத நாள் கிடையாது.

கன்றுகள் நன்றாக வந்தன. பத்து வருடத்தில் சரிவு முழுவதும் நிழல் விழுந்தது. மழைக்காலத்தில் முன்னைப்போல் லயத்து வாசலில் சேறு வருவதில்லை என்று கீழ் லயத்துக்காரர்களே சொன்னார்கள்.

புயல் என்பது அந்த மலையில் யாருக்கும் பெரிய பயமாக இருந்ததில்லை. கிழக்குக் கரையில் ஏறும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கூரைகளைப் பிடுங்கும், மலைக்கு வந்து சேரும்போது களைத்துப்போய் மழையாகப் பெய்துவிட்டுப் போகும். எழுபத்தெட்டில் அடித்ததைப் பற்றி வயதானவர்கள் பேசுவார்கள். அதன் பிறகு நெடுங்காலம் பேசும்படி எதுவும் வரவில்லை. கடைசிப் பத்து வருடங்களில்தான் அடிக்கடி காற்றழுத்தம், தாழமுக்கம் என்று ரேடியோவில் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் காட்டில் ஓரிரு பெரிய மரங்கள் குறைந்தன. தை மாதம் போய்ப் பார்த்தால், தகடு அடித்த மரம் படுத்துக் கிடக்கும். ஷிரோமி "விழுந்திருச்சு மிஸ்" என்பாள். ஸிஹாமா ஒரு கோடு போடுவாள்.

2025 நவம்பர் புயல் வேறு மாதிரி வந்தது. அது ஓடிப்போகவில்லை. நாட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதுபோல் நகர மாட்டாமல் நின்றது. மழை ஓயவேயில்லை. ஷிரோமி இருந்த மேல் லயத்துக் கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. உச்சியில் காற்று வேறு. காட்டுக்குள்ளே வெடிபோல் மரம் முறிகிற சத்தம் விட்டுவிட்டு வந்தது.

வியாழக்கிழமை காலை, தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டுகிற நேரத்தில் சரிவு இறங்கியது. முதலில் ஊற்றுத் தண்ணீர் சிவப்பாக வந்ததைப் பார்த்துவிட்டு யாரோ கத்தினார்கள். கீழ் லயத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு ரோட்டுக்கு ஓடியது. ஜீவராஜும் ஓடி வந்தவர்தான். பாதி வழியில், "மாடு கட்டிக்கிடக்கு, அவுத்து விட்டுட்டு வந்தர்றேன்" என்று திரும்பினார். இருதயம்மா அவருடைய சட்டையைப் பிடித்தாள். சட்டை ஈரத்தில் வழுக்கிவிட்டது.

மண் மட்டும் வரவில்லை. நட்ட மரங்கள் வேரோடு, நின்ற வாக்கிலேயே, ஊர்வலம் வருவதுபோல் இறங்கி வந்தன. லயத்தின் இந்தப் பக்கக் காம்பராக்கள் தப்பின. அந்தப் பக்கத்தது ஒன்றும் மிஞ்சவில்லை.

ஜீவராஜை எடுக்கச் சனிக்கிழமை ஆனது. ரோடு அறுந்து கிடந்ததால் இயந்திரம் எதுவும் வரவில்லை. தோட்டத்து ஆம்பிளைகள்தான் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். அவருக்கு மேலே ஒரு மரம் கிடந்தது. அதை வெட்டிப் புரட்டியபோது பட்டையில் சின்னத் தகடு பளபளத்தது. எல்லாரும் பார்த்தார்கள். ஷிரோமி தன் கையால் ஆணி அடித்த தகடு.

தேவாலயத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோக வழியில்லாமல் ஃபாதர் நடந்து வந்தார். அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பும்போது இருதயம்மா ஷிரோமியின் முன்னால் வந்து நின்றாள். அழுது ஓய்ந்த முகம். குரலில் கோபம்கூட இல்லை.

"புல்லாவே கெடந்திருந்தா மண்ணு மட்டுந்தான் வந்திருக்கும். ஓன் மரந்தானடி அவரு மேல வந்து விழுந்துச்சு."

பாக்கியநாதன்தான் ஷிரோமியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

கீழ் லயத்துக்காரர்களை மூடிக்கிடந்த பழைய பெக்டரியில் தங்க வைத்தார்கள். கொழுந்து வாட்டுகிற மாடியில் சேலைகளைக் கட்டி, குடும்பத்துக்கு ஒரு மறைவு. நத்தார்ப் பெருநாளுக்கும் அங்கேதான் இருந்தார்கள். ஷிரோமி ஒரு சட்டி கறி சமைத்து எடுத்துப்போனாள். இருதயம்மா வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள், மூடியைத் திறக்காமல் பக்கத்துக் குடும்பத்துக்குத் தள்ளினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று ஷிரோமிக்குத் தோன்றியது.

தை மாதம் ஸிஹாமாவின் அழைப்பு வந்தது.

"அக்கா, இந்த முறையும் அளக்கணும். உங்களுக்கு ஏலுமா?"

"எதை மிஸ் அளக்கிறது? என்னா இருக்கு அங்க?"

"அதத்தான் அளக்கணும் அக்கா" என்றாள் ஸிஹாமா. "என்ன மிச்சம் இருக்கு, என்ன விழுந்திருக்கு எண்டு."

ஷிரோமி வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். பாக்கியநாதனுக்கு எல்ல நகரத்தில் ஒரு ஹோட்டலில் காவல் வேலை. வெள்ளைக்காரர்கள் வராமல் அதுவும் பாதி நாள்தான். அவர் வற்புறுத்தவில்லை. "ஒனக்குப் புடிச்சா போ, இல்லாட்டி வேணாம்" என்றதோடு சரி. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவள் கிளம்பினாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதைப் போனில் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

இருவரும் பழைய பாதையைக் கண்டுபிடிக்கவே நேரம் போனது. பாதை இருந்த இடங்களில் மரம் குறுக்கே கிடந்தது, இல்லையென்றால் நிலமே இல்லை. உச்சிக் காட்டுக்குள் நுழைந்ததும் ஷிரோமி கண்ணைச் சுருக்கினாள். வெயில். அந்தக் காட்டுக்குள்ளே அவள் இவ்வளவு வெயிலைப் பார்த்ததே கிடையாது. பெரிய மரங்களில் பாதிக்குமேல் தலை முறிந்தோ வேர் பிடுங்கியோ கிடந்தன. பாசி பிடித்த அடிமரங்கள் வெயில் பட்டு உரியத் தொடங்கியிருந்தன. தரை முழுக்க, ஹலப்பா பலகாரம் சுற்றுகிற அகல இலையோடு கெந்தக் கன்றுகள் கூட்டங்கூட்டமாக முளைத்திருந்தன.

"பரவால்ல மிஸ், வேகமா வருது" என்றாள் ஷிரோமி.

"வேகமாத்தான் வரும்." ஸிஹாமா விழுந்த நாவல் மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். அவளும் களைத்துப்போயிருந்தாள். அவர்கள் கடைக்குள்ளும் வெள்ளம் வந்து, வாப்பா இன்னும் துருப்பிடித்த சாமான்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஏறும்போதே சொல்லியிருந்தாள். "கெந்த மரம் லேசான மரம் அக்கா. வெளிச்சம் கண்டா சடாரெண்டு வளரும், கொஞ்சக் காலத்துல சாகும். உள்ளுக்குப் பெரிசா ஒண்டும் சேத்து வைக்காது. நாவல், கீனை மாதிரி வைரம் பாஞ்ச மரந்தான் நிறைய வச்சிருக்கும். இந்த ஒரு மரத்துல இருந்தது, சுத்திவர முளைச்சிருக்கிற அவ்வளவு கன்றிலயும் இல்ல."

"அப்ப இந்த நாவல் மாதிரி ஒண்ணு திரும்பி வர?"

"கெந்த நிழல்ல முதல்ல முளைக்கணும். நான் கிழவியாகி மவுத்தான பிறகும் வளந்துகொண்டிருக்கும். இடையில புயல் வராம இருந்தா."

"வந்தா?"

"வந்தா திரும்ப முதல்ல இருந்து. முந்தி ரெண்டு புயலுக்கு இடையில காட்டுக்கு எழும்ப நேரம் கிடைச்சிச்சி. இப்ப அந்த நேரம் சுருங்கிப்போகுது போல இருக்கு. காடு இருக்கும் அக்கா. தூரத்துல நிண்டு பாத்தா பச்சையாத்தான் தெரியும். உள்ள இருப்புத்தான் குறைஞ்சிகொண்டு போகும்."

ஷிரோமி நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் தை மாதம் தவறாமல் வந்து, ஒவ்வொரு மரமும் ஒரு விரற்கடை கூடியிருக்கிறதா என்று பார்த்துச் சந்தோசப்பட்டது ஞாபகம் வந்தது. ஒரு காலைப்பொழுதுக்குள் எல்லாம் போய்விட்டது. அழுகை வரவில்லை. முழங்கால்தான் வலித்தது.

அன்று முழுவதும் விழுந்த மரங்களை அளந்தார்கள். நிற்கிற மரத்தை அளப்பதைவிட அது கஷ்டம். அடியில் கைவிட்டு மண்ணைத் தோண்டி நாடாவை இழுக்க வேண்டும். விழுந்தாலும் காபன் உடனே போவதில்லை, மரம் உக்க உக்க வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்குத் திரும்பும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும் என்றாள் ஸிஹாமா.

மாலையில் சரிவின் மேல் விளிம்புக்கு வந்தார்கள். மலையை யாரோ நகத்தால் கீறியதுபோல் நீளமாகச் சிவந்து கிடந்தது. கீழே லயத்தின் மிச்சம் தெரிந்தது. ஷிரோமி அங்கேதான் கேட்டாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். மரம் நட்டதாலதான் சரிஞ்சிச்சா?"

ஸிஹாமா எழுதுகிற கொப்பியை மூடினாள். சரிவைப் பார்த்தபடி நின்றாள்.

"எனக்குத் தெரியா அக்கா" என்றாள். "மரமே இல்லாத தேயிலையும் சரிஞ்சிருக்கு. மனிசர் கைபடாத காடும் சரிஞ்சிருக்கு. நம்மட மரத்துக்கு வேர் இன்னும் ஆழத்துக்குப் போகல்ல. மேல் மண்ணைப் புடிச்சிக்கொண்டுதான் இருந்திச்சி, ஆனா அதுக்குக் கீழ தண்ணி போய்ப் பாறையில இருந்து மொத்தமா கழட்டிப் போட்டுது. பழைய தண்ணிக் கான் எல்லாம் தூர்ந்து கிடந்ததும் ஒரு காரணமா இருக்கும். நட்டதால இல்ல எண்டு நான் சொல்ல ஏலா. நடாம இருந்திருந்தா ஜீவராஜ் மாமா இருந்திருப்பார் எண்டும் சொல்ல ஏலா."

"நீங்க படிச்சவங்க. ஒங்களுக்கே தெரியலன்னா நான் அவங்ககிட்ட என்னான்னு சொல்றது?"

"நான் வந்து சொல்றன்."

மறுநாள் ஸிஹாமா சொன்னபடியே வந்தாள். திட்டத்தின் நடுகை அதிகாரி றில்வானும் கூட வந்தார். நல்ல மனிதர்தான். பெக்டரி மாடியில் சேலைத் தடுப்புக்கு வெளியே ஷிரோமியோடு மூவரும் உட்கார, இருதயம்மா வெறுந்தேத்தண்ணீரும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்தாள். ஸிஹாமா ஷிரோமியிடம் சொன்னதை எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தெரியாது என்பதை இரண்டு முறை சொன்னாள்.

இருதயம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிங்க மிஸ். வந்து சொன்னீங்களே, அதுவே போதும்" என்றாள். பிறகு, "அந்த மரமெல்லாம் இனி என்னா ஆகும்?" என்று கேட்டாள்.

"அப்பிடியே கிடந்து உக்கும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"சின்னது பத்து வருசம். பெரியது அதுக்கும் மேல."

"அப்ப மண்ணுக்குள்ள அவரு முந்திக்குவாரு" என்றாள் இருதயம்மா.

கீழே யாரோ பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து இருதயம்மாவே தொடர்ந்தாள். "என் காம்பரா மேல ஒரு மரம் கெடக்கு. அது உக்குற வரைக்கும் என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. இங்க அடுப்புக்கு வெறகு இல்லாம ஈரச் சுள்ளிய வச்சு ஊதிக்கிட்டு கெடக்குறோம். அத எடுத்துக்கலாமா?"

திட்டத்து மரங்களில் விழுந்ததையும் வெட்டக்கூடாது என்பது ஒப்பந்தம். எரித்தால் அடைந்த காபன் அன்றே புகையாகப் போய்விடும். றில்வான் சங்கடத்தோடு ஸிஹாமாவைப் பார்த்தார். அவள் ஷிரோமியைப் பார்த்தாள்.

"எடுக்கட்டும் மிஸ்" என்றாள் ஷிரோமி. "நான் அளந்து தர்றேன். எரிஞ்சதுன்னு எழுதிக்கங்க."

"உக்கினாலும் போறதுதான், எரிச்சாலும் போறதுதான்" என்றாள் ஸிஹாமா, றில்வானிடம். "ஒண்டு மெதுவா, ஒண்டு சுருக்கா. உண்மைய எழுதுவம்."

றில்வான் தலையாட்டினார்.

அன்று பிற்பகல் கீழ் லயத்துக்குப் போனார்கள். ஷிரோமி மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்தாள். மறுமுனையைப் பிடிக்க ஸிஹாமா குனிவதற்குள் இருதயம்மா அந்தப் பக்கம் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அளந்து முடிந்ததும் ஆம்பிளைகள் கோடாலியைப் போட்டார்கள். பொம்பிளைகள் துண்டுகளைத் தலையில் வைத்து பெக்டரிக்குச் சுமந்தார்கள். இருதயம்மாவுக்கு முன்னால் ஷிரோமி நடந்தாள். பச்சை மரம், சுமை அதிகம். வழியில் இரண்டு முறை இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். இரண்டாவது முறை இருதயம்மா, "ஒனக்கும் முழங்காலா?" என்று கேட்டாள். "ஆமாக்கா" என்றாள் ஷிரோமி. நல்லடக்கத்துக்குப் பிறகு இருதயம்மா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

பங்குனியில் றில்வான் திரும்ப வந்தார். சரிவில் மறுபடியும் நட வேண்டும், இம்முறை சீக்கிரம் வளர்கிற இனமாகக் கொண்டுவருகிறோம், நீங்கள் சனங்களோடு ஒரு தடவை பேசுங்கள் என்று ஷிரோமியைக் கேட்டார்.

"அளக்கச் சொன்னா அளக்கிறேங்க. பேசச் சொல்லாதீங்க" என்றாள் அவள். "போன தடவ எனக்குத் தெரியாததத்தான் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். இனி முடியாது."

றில்வான் வற்புறுத்தவில்லை. அவரே கூட்டம் வைத்தார். கீழ் லயத்துக்காரர்கள் சரிவைத் தொட வேண்டாம் என்றார்கள். மேல் லயத்துக்காரர்கள் சிலர், மழைக்குமுன் எதையாவது நட்டால்தானே எங்களுக்காவது பாதுகாப்பு என்றார்கள். வாக்குவாதம் நீண்டு, எந்த முடிவும் இல்லாமல் கலைந்தது. நட்டால் வேர் ஊன்றுமுன் அடுத்த மழை வந்துவிடும், நடாவிட்டால் மண் வெறுமையாகக் கிடக்கும். இரண்டு பேச்சும் சரியாகத்தான் இருந்தன. ஷிரோமி பின்வரிசையில் இருதயம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது சரிவில் யாரும் எதையும் நடவில்லை. ஓரங்களில் இருந்து மானாப்புல் இறங்கி வருகிறது. அதற்கிடையே கெந்தக் கன்றுகள் இடுப்பளவு நிற்கின்றன. கீழ் லயத்துக்காரர்களுக்கு வீடு கட்டக் காணி பார்த்திருக்கிறோம் என்று இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார்கள். பெக்டரி மாடியில் சேலைத் தடுப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. இருதயம்மா பூனாகலையில் தங்கச்சி வீட்டுக்குப் போய், ஒரு மாதம்கூட இருக்கப் பிடிக்காமல் திரும்பி வந்து, மறுபடி கொழுந்துக்குப் போகிறாள்.

ஷிரோமி காட்டுக்குப் போகிறாள். ஸிஹாமா இந்த வருடம் தை மட்டும் போதாது, ஆடியிலும் ஒருமுறை பார்ப்போம் என்று சொல்லியிருந்தாள். போன வாரம் போனார்கள். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நிற்கிற மரங்களில் இன்னும் இரண்டு சாய்ந்திருந்தன. வேர் ஆட்டங்கண்ட மரங்கள் புயலுக்குப் பிறகும் ஒன்றொன்றாக விழும் என்று ஸிஹாமா சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஷிரோமி சாய்ந்ததை அளந்து சொன்னாள். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து, காலில் ஏறியிருந்த அட்டைகளை உப்புத்துணியால் ஒற்றி எடுத்தாள். அளக்க வேண்டிய மரங்கள் இன்னும் நிறைய இருந்தன.

"போவமா அக்கா?" என்றாள் ஸிஹாமா.

"இருங்க மிஸ்" என்றாள் ஷிரோமி. "கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போவோம்."